அரிய போர்பன் விஸ்கிகளைச் சுவைத்து ஒப்பிடுவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் ஒவ்வோர் ஆண்டும் இலையுதிர்காலம் தொடங்கியதும் கென்டக்கி மாநிலத்தின் வடிப்பாலைகள் தம்முடைய அரிய போர்பன் வெளியீடுகளைக் கடைகளுக்கு அனுப்புகின்றன. பஃபலோ டிரேஸ் வடிப்பாலையின் ‘ஆன்டிக் கலெக்ஷன்’, பாப்பி வான் விங்கிள் வரிசை, ஃபோர் ரோசஸ் நிறுவனத்தின் ஆண்டு வெளியீடு, நிறுவனரின் பிறந்த நாளான செப்டம்பர் 2-ஐ ஒட்டி வரும் ஓல்டு ஃபாரஸ்டரின் ‘பர்த்டே போர்பன்’ ஆகியவை அவற்றுள் பெயர்பெற்றவை. குறைந்த எண்ணிக்கையில் வருவதால் மறுவிற்பனையில் இவற்றின் விலை, வடிப்பாலை குறித்த விலையைப் போலப் பல மடங்கு ஏறிவிடுகிறது. அந்த விலையைக் கேட்ட பிறகு கோப்பையை மூக்கருகே கொண்டுபோகும் எவராலும் நடுநிலையாகச் சுவைக்க முடியாது. நாக்குக்கு முன்பே மனம் தீர்ப்பு எழுதிவிடுகிறது.

ஆகவே இந்தக் கட்டுரையின் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரிய புட்டி ஒன்றைத் தனியாகச் சுவைத்து அதன் தகுதியைச் சொல்வது வீண். அதே வடிப்பாலையில், அதே தானியக் கலவையிலிருந்து பிறந்து ஆண்டு முழுவதும் கடையில் கிடைக்கும் எளிய புட்டியை அருகில் வைத்து, எது எது என்று தெரியாத நிலையில் இரண்டையும் சுவைக்கும்போதுதான், கூடுதலாகக் கொடுத்த பணம் சுவைக்காகவா, பெயருக்காகவா என்பது விளங்கும். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் அந்த ஒப்பீட்டை நேர்மையாக நடத்துவதற்கானது.

முதல் படி: வேறுபாடுகள் எங்கிருந்து வருகின்றன என்பதை அறிதல்

போர்பன் எப்படி இருக்க வேண்டும் என்பதை அமெரிக்கச் சட்டம் மிக நெருக்கமாக வரையறுத்திருக்கிறது. அது அமெரிக்காவில் உருவாக வேண்டும். தானியக் கலவையில் மக்காச்சோளம் 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. வடிக்கும்போது ஆல்கஹாலின் அளவு 80 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. உட்புறம் தீயில் கரியாக்கப்பட்ட புதிய ஓக் கலத்தில், 62.5 விழுக்காட்டுக்கு மிகாத செறிவில் ஊற்றப்பட வேண்டும். புட்டியில் அடைக்கும்போது 40 விழுக்காடாவது இருக்க வேண்டும். நிறமோ மணமோ சேர்க்க இடமில்லை, செறிவைக் குறைக்கத் தண்ணீர் மட்டுமே சேர்க்கலாம். 1964 ஆம் ஆண்டு அமெரிக்கக் காங்கிரஸ் இதைத் தன் நாட்டின் தனித்த பொருள் என்று தீர்மானம் நிறைவேற்றியது.

இந்தச் சட்டத்தை இங்கே விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஸ்காட்லாந்து விஸ்கியில் ஷெர்ரி ஒயின் வைத்த பீப்பாய், பழைய போர்பன் பீப்பாய் என்று கலம் மாற மாறச் சுவையும் மாறும். போர்பனிலோ எல்லோரும் ஒரே வகைப் புதிய பீப்பாயில்தான் தொடங்க வேண்டும். ஆகவே ஒரு போர்பனுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் ஐந்து இடங்களிலிருந்தே வருகிறது: மக்காச்சோளத்துக்குத் துணையாகச் சேரும் தானியம், நொதிக்க வைக்கும் ஈஸ்ட், கிடங்கில் பீப்பாய் இருந்த இடம், அது கிடந்த ஆண்டுகள், புட்டியில் அடைத்தபோது இருந்த செறிவு. இவற்றில் எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு இரண்டு கோப்பைகளை எதிரெதிரே வைப்பவருக்கே ஒப்பீடு ஏதாவது கற்றுக்கொடுக்கும்.

துணைத் தானியத்தில் இரண்டு பெரிய மரபுகள் உள்ளன. பெரும்பாலான வடிப்பாலைகள் ரை தானியத்தைச் சேர்க்கின்றன. அது மிளகு, பட்டை போன்ற காரத்தைத் தரும். சில வடிப்பாலைகள் ரைக்குப் பதிலாகக் கோதுமையைச் சேர்க்கின்றன. அப்போது காரம் அடங்கி, இனிப்பு முன்னால் வரும். மேக்கர்ஸ் மார்க், வெல்லர், வான் விங்கிள், ஓல்டு ஃபிட்ஸ்ஜெரால்டு, லார்செனி ஆகியவை கோதுமைக் குடும்பம்.

கிடங்கைப் பற்றியும் ஒரு சொல். கென்டக்கியின் பல மாடிக் கிடங்குகளில் மேல் தளங்கள் கோடையில் கொதிக்கும். வெப்பத்தில் விஸ்கி மரத்துக்குள் ஊடுருவிச் சென்று, குளிரில் திரும்பி வரும். மேல் தளத்துப் பீப்பாயில் தண்ணீர் விரைவாக ஆவியாவதால் ஆல்கஹாலின் செறிவு ஏறுகிறது. தரைத்தளத்தில் எல்லாம் மெதுவாக நடக்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 4 விழுக்காடு காற்றோடு போய்விடுவதால், 200 லிட்டர் கொள்ளும் பீப்பாய் 15 அல்லது 20 ஆண்டுகளில் பாதிக்கும் மேல் காலியாகிவிடும். முதிய போர்பன் அரிதாக இருப்பதற்கு விளம்பரம் மட்டுமே காரணமன்று என்பதையும் நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: புட்டியின் முகப்பைப் படித்தல்

முதலில் பார்க்க வேண்டியது புரூஃப் எண். அமெரிக்கக் கணக்கில் அதில் பாதியே ஆல்கஹாலின் விழுக்காடு. 120 புரூஃப் என்றால் 60 விழுக்காடு. அடுத்தது வயது. எத்தனை பீப்பாய்களைக் கலந்திருந்தாலும், முகப்பில் போட்டிருக்கும் வயது அவற்றுள் இளையதன் வயதாகும். ‘ஸ்டிரெய்ட்’ என்ற சொல் குறைந்தது 2 ஆண்டு முதிர்ந்ததைக் குறிக்கும். 4 ஆண்டுக்குக் குறைந்ததாக இருந்தால் வயதை அச்சிட்டே ஆக வேண்டும். ‘பாட்டில்டு இன் பாண்ட்’ என்று இருந்தால் அது 1897 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரே வடிப்பாலையில், ஒரே பருவத்தில் வடிக்கப்பட்டு, அரசு மேற்பார்வைக்கு உட்பட்ட கிடங்கில் 4 ஆண்டாவது முதிர்ந்து, சரியாக 50 விழுக்காட்டில் அடைக்கப்பட்டது.

‘ஸ்மால் பேட்ச்’, ‘லிமிட்டெட் எடிஷன்’ ஆகிய சொற்களுக்குச் சட்டத்தில் எந்த வரையறையும் இல்லை. எத்தனை பீப்பாய் கலந்தால் சிறிய தொகுதி, எத்தனை புட்டி வந்தால் அரிய வெளியீடு என்பதை நிறுவனமே தீர்மானித்துக்கொள்ளும். அதனால் இந்தச் சொற்களைக் கண்டதும் பணப்பையைத் திறக்காமல், விஸ்கி எந்த மாநிலத்தில் வடிக்கப்பட்டது என்று பின்புறச் சீட்டில் பாருங்கள். தாமே வடிக்காத பல நிறுவனங்கள் இந்தியானா மாநிலத்தின் லாரன்ஸ்பர்க்கில் உள்ள பெரிய வடிப்பாலையிலிருந்து விஸ்கி வாங்கித் தம் பெயரில் வெளியிடுகின்றன. அதில் தவறேதும் இல்லை, அந்த வடிப்பாலையின் சரக்கு நல்ல சரக்குதான். ஆனால் மூன்று வெவ்வேறு பெயர்களில் ஒரே ஊற்றின் விஸ்கியை வாங்கி வைத்துக்கொண்டு ஒப்பிடுகிறோம் என்பதை அறியாமல் ஒப்பிடக் கூடாது.

சில வடிப்பாலைகள் தொகுதிக்குக் குறியீடு தருகின்றன. எலைஜா கிரெய்க் பேரல் புரூஃப், அதாவது தண்ணீர் சேர்க்காமல் பீப்பாயில் இருந்த செறிவிலேயே அடைக்கப்படுவது, ஆண்டுக்கு மூன்று முறை வருகிறது. அதன் முகப்பில் ‘சி923’ என்று இருந்தால், அந்த ஆண்டின் மூன்றாவது வெளியீடு, 9 ஆம் மாதம், 2023 என்று பொருள்.

மூன்றாம் படி: எதனோடு எதை ஒப்பிடுவது

முழு முயற்சியின் வெற்றியும் இங்கேதான் தீர்மானமாகிறது என்பதால் இதில் சற்று நேரம் செலவிடுவது நல்லது. புதியவர்கள் வழக்கமாகச் செய்வது, கைக்குக் கிடைத்த நான்கு பெயர்பெற்ற புட்டிகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகக் குடிப்பது. அப்படிச் செய்தால் தானியம், வயது, செறிவு, வடிப்பாலை ஆகிய எல்லாமே ஒரே நேரத்தில் மாறுகின்றன. கடைசியில் ‘இது பிடித்தது, அது பிடிக்கவில்லை’ என்பதைத் தவிர வேறெதையும் சொல்ல இயலாது.

என் பரிந்துரை, குடும்பம் குடும்பமாகத் தொடங்குவது. பஃபலோ டிரேஸ் வடிப்பாலையில் ரை குறைவாகச் சேர்க்கும் ஒரு தானியக் கலவையிலிருந்து, பஃபலோ டிரேஸ் என்ற பெயரிலேயே வரும் 45 விழுக்காட்டு எளிய போர்பன், 10 ஆண்டு முதிர்ந்த ஈகிள் ரேர், தண்ணீர் சேர்க்காமல் அடைக்கப்படும் ஸ்டாக், ஆன்டிக் கலெக்ஷனில் வரும் 17 ஆண்டு ஈகிள் ரேர், அதே தொகுப்பின் ஜார்ஜ் டி. ஸ்டாக் ஆகிய அனைத்தும் பிறக்கின்றன. ஒரே தானியமும் ஒரே வடிப்பாலையும் என்பதால், 10 ஆண்டு ஈகிள் ரேரையும் 17 ஆண்டு ஈகிள் ரேரையும் அருகருகே வைத்தால் கூடுதல் ஏழு ஆண்டுகளை மரம் என்ன செய்தது என்று கேட்கிறோம். ஸ்டாக்கையும் ஜார்ஜ் டி. ஸ்டாக்கையும் அருகருகே வைத்தால், உயர்ந்த செறிவில் இளமைக்கும் முதுமைக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்கிறோம். ஆன்டிக் கலெக்ஷன் என்ற பெயரைக் கண்டு அனைத்தும் போர்பன் என்று எண்ணிவிட வேண்டாம், தாமஸ் எச். ஹேண்டி, 18 ஆண்டு சாசெராக் ஆகிய இரண்டும் ரை விஸ்கிகள்.

கோதுமைக் குடும்பத்தில் இதைவிட எளிய வழி உண்டு. ஹெவன் ஹில் நிறுவனம் ஓல்டு ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற பெயரில் 2018 முதல் வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் அலங்காரக் கண்ணாடிக் குடுவையில் ஒரு போர்பனை வெளியிடுகிறது. வயது ஒவ்வொரு முறையும் மாறும், செறிவு எப்போதும் 50 விழுக்காடு. 68 விழுக்காடு மக்காச்சோளம், 20 விழுக்காடு கோதுமை, 12 விழுக்காடு முளைகட்டிய வாற்கோதுமை என்ற அதே கலவையிலிருந்துதான் எங்கும் கிடைக்கும் 46 விழுக்காட்டு லார்செனியும், ஆண்டுக்கு மூன்று முறை வரும் லார்செனி பேரல் புரூஃபும் வருகின்றன. மூன்றையும் ஓர் இரவில் சுவைத்தால் வயது, செறிவு, குடுவையின் அழகு ஆகியவற்றில் எதற்கு எவ்வளவு விலை என்பது புலப்படும். குடுவை மிக அழகானது என்பதை மறுக்க மாட்டேன்.

ஈஸ்ட் எவ்வளவு தூரம் சுவையை மாற்றும் என்று அறிய விரும்புவோர் ஃபோர் ரோசஸிடம் போக வேண்டும். அங்கே இரண்டு தானியக் கலவைகளும் ஐந்து ஈஸ்ட் வகைகளும் சேர்ந்து பத்துச் செய்முறைகளாகின்றன. ஒன்றில் ரை 20 விழுக்காடு, மற்றொன்றில் 35. ஈஸ்டுகளில் ஒன்று மெல்லிய பழ மணத்தையும், ஒன்று செறிந்த பழ மணத்தையும், ஒன்று பூமணத்தையும், ஒன்று லேசான காரத்தையும், ஒன்று மூலிகை மணத்தையும் தருவதாக நிறுவனமே விளக்குகிறது. ஆண்டுதோறும் வரும் ‘லிமிட்டெட் எடிஷன் ஸ்மால் பேட்ச்’ புட்டியில் எந்தச் செய்முறை எத்தனை ஆண்டு முதிர்ந்து சேர்ந்திருக்கிறது என்பதை அவர்கள் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்கள். இவ்வளவு திறந்த மனம் இந்தத் தொழிலில் அரிது. அதற்கு இணையாக, ஒரே பீப்பாயிலிருந்து அடைக்கப்படும் அவர்களுடைய சிங்கிள் பேரலையும் ஸ்மால் பேட்ச் செலக்டையும் வையுங்கள். இவர்களின் கிடங்குகள் ஒரே தளம் கொண்டவை என்பதால் மாடிக்கு மாடி ஏற்படும் வேறுபாடு இங்கே மிகக் குறைவு. ஆகவே நீங்கள் உணரும் மாற்றத்தைச் செய்முறையின் கணக்கில் துணிந்து எழுதலாம்.

ஒரே பெயர் என்பதற்காக இரண்டு ஆண்டுகளின் புட்டிகளை ஒன்றாகக் கருதவும் கூடாது. 17 ஆண்டு ஈகிள் ரேர் நெடுங்காலம் 90 புரூஃபில் வந்துகொண்டிருந்தது. 2018 வெளியீடு முதல் 101 புரூஃபாகிவிட்டது. பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் ‘புதியது வலுவாக இருக்கிறது’ என்று எழுதுபவர், சுவையைப் பற்றியன்றி அச்சிட்ட எண்ணைப் பற்றியே எழுதுகிறார். 2021 ஆம் ஆண்டு ஜார்ஜ் டி. ஸ்டாக் வெளிவரவே இல்லை. அதற்கென ஒதுக்கிய பீப்பாய்கள் எதிர்பார்த்த சுவையில் அமையவில்லை என்று வடிப்பாலை அறிவித்தது. பெயருக்குப் பின்னால் ஒவ்வோர் ஆண்டும் வேறு பீப்பாய்கள் இருக்கின்றன என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

போர்ட் ஒயின் பீப்பாயிலோ வேறு கலத்திலோ இறுதிக்காலம் கழித்த விஸ்கிகளை இந்த முதல் வரிசைகளில் சேர்க்காதீர்கள். அவற்றின் இனிப்பு மற்றவற்றை மறைத்துவிடும்.

நான்காம் படி: விஸ்கியைப் பெறுதல்

முழுப் புட்டி வாங்க வேண்டியதில்லை. கென்டக்கியின் லூயிவில், லெக்சிங்டன், பார்ட்ஸ்டவுன் ஆகிய ஊர்களில் அரிய போர்பன்களை அரை அவுன்ஸ், அதாவது 15 மில்லிலிட்டர் அளவில் ஊற்றித் தரும் மதுக்கூடங்கள் உள்ளன. ஒப்பிடுவதற்கு அதுவே போதும். பென்சில்வேனியா, வர்ஜீனியா போல மது விற்பனையை அரசே நடத்தும் சில மாநிலங்களில் அரிய புட்டிகளுக்குக் குலுக்கல் நடைபெறுகிறது. வெற்றி பெற்றவர் அச்சிட்ட விலைக்கே வாங்கலாம். நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரு புட்டியைப் பகிர்ந்துகொள்வது, என் கருத்தில், எல்லாவற்றிலும் சிறந்த வழி, ஏனெனில் சுவைப்பதற்கு வேறு நாக்குகளும் உடன் கிடைக்கின்றன.

முன்பின் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். உரிமம் இல்லாமல் தனியார் மது விற்பது அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் சட்டவிரோதம் என்பது ஒரு காரணம். பாப்பி வான் விங்கிளின் காலிப் புட்டிகளுக்கே விலை உண்டு என்பதும், அந்தக் காலிப் புட்டிகளில் வேறு விஸ்கியை நிரப்பி மூடி விற்போர் உண்டு என்பதும் இன்னொரு காரணம். விமானத்தில் கொண்டுவர நினைப்பவர்கள் புரூஃபைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 70 விழுக்காட்டுக்கு மேற்பட்ட மதுவைக் கைப்பையிலோ சரக்குப் பெட்டியிலோ எடுத்துச் செல்ல அனுமதி இல்லை, ஜார்ஜ் டி. ஸ்டாக் சில ஆண்டுகளில் அந்த வரம்பைத் தாண்டியிருக்கிறது.

ஐந்தாம் படி: மேசையை அமைத்தல்

அடிப்பகுதி அகன்று வாய்ப்பகுதி குறுகிய கோப்பை வேண்டும். ஸ்காட்லாந்தில் உருவான கிளென்கேர்ன் கோப்பை இதற்கென்றே அமைந்தது. கிடைக்காவிட்டால் சிறிய ஒயின் கோப்பை போதும், ஆனால் எல்லாக் கோப்பைகளும் ஒரே வடிவத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 15 மில்லிலிட்டர் மட்டும் அளந்து ஊற்றுங்கள். இந்த அளவைப் பலர் கஞ்சத்தனம் என்று நினைக்கிறார்கள். 60 விழுக்காட்டு விஸ்கியை நான்கு கோப்பையில் 15 மில்லிலிட்டர் வீதம் ஊற்றினால் மொத்த ஆல்கஹால் 36 மில்லிலிட்டர். அமெரிக்கச் சுகாதாரத் துறை ஒரு பானம் என்று கணக்கிடும் அளவைப் போல அது இரு மடங்கு. நான்காவது கோப்பைக்கு வரும்போது தீர்ப்புச் சொல்லும் அறிவு ஏற்கெனவே மங்கத் தொடங்கியிருக்கும். அதனால் ஓர் அமர்வுக்கு நான்கு கோப்பைக்கு மேல் வேண்டாம். அன்று வண்டி ஓட்டவும் வேண்டாம்.

பெயரை மறைப்பதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் வேறு அறையில் ஊற்றி, கோப்பையின் அடியில் எண் எழுதிய தாளை ஒட்டி, எந்த எண் எந்தப் புட்டி என்று குறித்து வைத்துக்கொள்வார். மற்றவர் அந்தக் கோப்பைகளின் வரிசையை மாற்றி மேசையில் வைப்பார். இப்படிச் செய்தால் ஊற்றியவருக்கும் வரிசை தெரியாது. தனியாக இருப்பவரும் கோப்பையின் அடியில் பெயர் எழுதி ஒட்டி, கண்ணை மூடி இடம் மாற்றி வைத்து ஓரளவு இதைச் செய்யலாம். நிறத்தைக் கண்டு வயதை ஊகிக்க நேரும் என்பதால் விளக்கைச் சற்று மங்கலாக்குவது உதவும்.

செறிவுகள் மிகவும் வேறுபட்டால் மட்டும் ஒரு சலுகை தர வேண்டும். 45 விழுக்காட்டுக் கோப்பையை 65 விழுக்காட்டுக்குப் பிறகு சுவைத்தால் அது தண்ணீராகத்தான் தோன்றும். அப்படிப்பட்ட வரிசையில் குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போக வேண்டும். வாசனைத் திரவியமும் ஊதுபத்தியும் அந்த அறையில் கூடாது. சற்று முன் காரமான குழம்போ டிகிரி காப்பியோ சாப்பிட்டவர் ஒரு மணி நேரம் பொறுப்பது நல்லது. இடையில் வாய் கொப்பளிக்கச் சாதாரணத் தண்ணீரும், உப்பில்லாத ரொட்டித் துண்டும் போதும்.

ஆறாம் படி: முகர்தலும் சுவைத்தலும்

ஊற்றியபின் பத்து நிமிடமாவது தொடாமல் விடுங்கள். உயர்ந்த செறிவுள்ள போர்பனில் மேலெழும் ஆல்கஹால் ஆவி சற்று அடங்கிய பிறகே மற்ற மணங்கள் வெளிப்படும். ஒயினைப் போலச் சுழற்ற வேண்டாம், அது அந்த ஆவியைத்தான் கிளப்பிவிடும். கோப்பையை முகவாய்க்கு நேராகப் பிடித்து, வாயைச் சற்றே திறந்து வைத்துக்கொண்டு மெதுவாக மூக்கருகே கொண்டுவாருங்கள். எரிச்சல் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். இரண்டு மூன்று முறை முகர்ந்ததும் மூக்கு பழகி மரத்துவிடும். அப்போது தண்ணீரையோ தன் சட்டைக் கையையோ முகர்ந்தால் அது மீளும்.

என்ன மணத்தைத் தேடுவது என்று புதியவர்கள் கேட்பார்கள். மரத்தின் லிக்னின் என்ற பகுதி வெப்பத்தில் சிதைந்து வனிலின் உண்டாகிறது. போர்பனின் வனிலா மணம் அதுதான். ஓக் மரத்தின் லாக்டோன்கள் தேங்காய் மணத்தைத் தருகின்றன. கிராம்பில் உள்ள அதே யூஜெனால் கரியாக்கிய ஓக்கிலும் உண்டு. வாழைப்பழ மணம் ஈஸ்ட் உண்டாக்கும் ஐசோஅமைல் அசிடேட்டிலிருந்து வருகிறது. மரச் சர்க்கரை தீயில் கருகியதால் பாகு மணம் வருகிறது. ஆங்கிலச் சுவைக்குறிப்புகளில் வரும் பலகாரங்களை நீங்கள் ஒருபோதும் உண்டிருக்க மாட்டீர்கள். அவற்றைக் கடன் வாங்காமல் கருப்பட்டி, வறுத்த தேங்காய்த் துருவல், மலைவாழை, உலர்திராட்சை, சீவிய பென்சில், பழைய பலகைப் பெட்டி என்று உங்கள் நினைவில் இருப்பதையே எழுதுங்கள். அடுத்த மாதம் அந்தக் குறிப்பைப் படிக்கும்போது பொருள் விளங்க வேண்டியது உங்களுக்குத்தான்.

முதல் மிடறு வாயைப் பழக்குவதற்கு மட்டும். அதன் மீது எந்தக் கருத்தும் எழுத வேண்டாம். இரண்டாவது மிடற்றில் சில துளிகளை எடுத்து, நாக்கு முழுவதும் படும்படி மெல்வது போல அசைத்து, பிறகு விழுங்குங்கள். ஜிம் பீம் வடிப்பாலையின் புக்கர் நோ பரப்பிய இந்த முறையைக் கென்டக்கி மெல்லுதல் என்கிறார்கள். விழுங்கியதும் மூக்கு வழியாக மூச்சை விட்டு, சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது, நிற்கும்போது இனிப்பாக நிற்கிறதா, கசப்பாக நிற்கிறதா என்று கவனியுங்கள். நெஞ்சில் பரவும் சூட்டைத் தரம் என்று எண்ணிவிடாதீர்கள். அதைச் செறிவு மட்டுமே தந்துவிடும்.

முதிய போர்பன்களில் கவனிக்க வேண்டியது மரத்தின் கடுமை. புதிய ஓக் மரம் இடைவிடாமல் டானினைக் கொடுத்துக்கொண்டே இருப்பதால், ஒரு கட்டத்துக்குப் பிறகு தானியத்தின் இனிப்பை மரத்தின் துவர்ப்பு விழுங்கிவிடும். பாப்பி வான் விங்கிளில் 15, 20, 23 ஆண்டு என மூன்று உண்டு. விலை வயதோடு ஏறுகிறது. என் மதிப்பீட்டில் 53.5 விழுக்காட்டில் வரும் 15 ஆண்டுப் புட்டியே சமன் கெடாதது. 23 ஆண்டுப் புட்டியைப் பெயர் மறைத்துச் சுவைத்தவர்களில் எத்தனை பேர் அதற்கு முதலிடம் தருவார்கள் என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

ஏழாம் படி: செறிவைச் சமன்செய்தல்

புதியவர்கள் தவறாமல் தாண்டிப்போகும் படி இது. உண்மையில் அதிகம் கற்பிப்பதும் இதுவே. 65 விழுக்காட்டு அரிய வெளியீட்டையும் 50 விழுக்காட்டு எளிய புட்டியையும் ஒப்பிட்டு அரியதே சிறந்தது என்று முடிவு செய்தால், வென்றது சுவையா, செறிவா என்று தெரியாது. எனவே முதல் சுற்றில் இருந்தபடியே சுவைத்துவிட்டு, இரண்டாம் சுற்றில் இரண்டையும் ஒரே செறிவுக்குக் கொண்டுவாருங்கள். கணக்கு எளிது: இருக்கும் செறிவை வேண்டிய செறிவால் வகுத்து, ஒன்றைக் கழித்து, வரும் எண்ணைக் கோப்பையில் உள்ள அளவால் பெருக்குங்கள். 15 மில்லிலிட்டர் விஸ்கியை 65-லிருந்து 50-க்கு இறக்க 4.5 மில்லிலிட்டர் தண்ணீர் வேண்டும். 60-லிருந்து இறக்க 3 மில்லிலிட்டர். மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசியில்லாத சிரிஞ்சு இதற்கு மிகப் பொருத்தமான கருவி. உப்புச் சுவை இல்லாத குடிநீரைப் பயன்படுத்தி, சேர்த்த பின் ஐந்து நிமிடம் காத்திருங்கள்.

தண்ணீர் சேர்த்ததும் விஸ்கி சற்றே கலங்கினால் அஞ்ச வேண்டாம். குளிர்வித்து வடிகட்டாத போர்பனில் உள்ள கொழுப்பு அமில எஸ்டர்கள் ஏறத்தாழ 46 விழுக்காட்டுக்குக் கீழே கரையாமல் பிரிவதால் அது நேர்கிறது. கெட்டுப்போனதன் அடையாளம் அன்று.

சமன்செய்த பிறகும் முதிய விஸ்கி ஆழமாக நின்றால் அது தன் விலையில் ஒரு பகுதியையாவது சம்பாதித்துவிட்டது என்று கொள்ளலாம். இரண்டுக்கும் வேறுபாடே தெரியாமல் போவதும் உண்டு. அப்போது செய்ய வேண்டியது முக்கோணச் சோதனை: மூன்று கோப்பையில் இரண்டில் ஒரே விஸ்கியையும் ஒன்றில் மற்றதையும் ஊற்றச் சொல்லி, வேறானது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். குருட்டு ஊகத்திலேயே மூன்றில் ஒரு முறை சரியாக வந்துவிடும் என்பதால், ஒரு முறை சரியாகச் சொன்னதை வெற்றியாகக் கொள்ளாமல் வெவ்வேறு நாள்களில் திரும்பச் செய்து பாருங்கள்.

எட்டாம் படி: எழுதி வைத்தலும் பாதுகாத்தலும்

ஒவ்வொருவரும் தம் குறிப்பையும் வரிசையையும் எழுதி முடிக்கும் வரை மேசையில் பேச்சு கூடாது. குரல் ஓங்கிய ஒருவர் ‘இதில் செர்ரிப் பழம் வருகிறதே’ என்று சொல்லிவிட்டால், அதன்பின் எல்லோருக்கும் அது வந்துவிடும். நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் தருவதைவிட, எதை மீண்டும் ஒரு கோப்பை விரும்புவீர்கள் என்று வரிசைப்படுத்துவது நம்பகமானது. பெயர்களைத் திறந்த பிறகு ஏற்கெனவே எழுதியதைத் திருத்தாதீர்கள். விலையை மட்டும் அருகில் குறித்துக்கொள்ளுங்கள். சளியோ தூக்கமின்மையோ இருந்த நாளின் தீர்ப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

திறந்த புட்டியை வெயில் படாத இடத்தில் நிமிர்த்தியே வைக்க வேண்டும். சாய்த்து வைத்தால் உயர்ந்த செறிவு தக்கையை அரித்துவிடும். புட்டியில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியதும் காற்று மிகுந்து மணம் மெல்ல மாறத் தொடங்குகிறது. அந்நிலைக்கு வருமுன் 60 மில்லிலிட்டரைச் சிறிய கண்ணாடிக் குப்பியில் விளிம்பு வரை நிரப்பி, பெயரும் ஆண்டும் செறிவும் திறந்த நாளும் எழுதி ஒட்டி, இறுக மூடி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அதே பெயரில் புதிய வெளியீடு வரும்போது, அதன் அருகில் பெயர் மறைத்து வைப்பதற்கு அந்தக் குப்பி வேண்டியிருக்கும்.